வழக்காடும் ஊரும் சட்டம் பயிலும் ஊரும்

சட்டம் பயில விரும்பும் பிள்ளையிடம் உற்றார் உறவினர் கேட்கும் முதற் கேள்வி, ‘எந்தக் கல்லூரியில் சேரப் போகிறாய்?’ என்பதே. ‘எந்த நீதிமன்றத்தில் வழக்காடப் போகிறாய்?’ என்று கேட்பாரைக் காண்பது அரிது. கல்லூரி வாழ்வு மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடும். நீதிமன்ற வாழ்வோ நாற்பது ஆண்டுகள் நீளக்கூடியது. ஆகவே, இரண்டாவது கேள்விக்கு விடை கண்ட பின்னரே முதற் கேள்விக்கு வருதல் முறை என்பது நமது கருத்து. தமிழ்நாட்டுக்கு வெளியே குடியிருக்கும் நேயர்களுக்கு இது இன்னும் நெருங்கிப் பொருந்தும். ஏன் என்பதைக் கேரள மாநிலத்தின் தென்கோடியிலுள்ள பூவாரை முன்வைத்துச் சொல்ல விழைகிறோம்.

அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு கடலோடு கலக்குமிடம் பூவார். திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த ஊர். கடற்கரையோரமாகத் தெற்கே சென்றால் பொழியூர். அதனையும் கடந்தால் நீரோடி. நீரோடி தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டம். உள்நாட்டு வழியே சென்றால் பாறசாலை, அதனையடுத்துக் களியக்காவிளை. இரு மாநிலங்களின் எல்லை என்று சொன்னால் மலையையோ பேராற்றையோ எண்ணுவோம். இங்கே அது ஒரு கடைத்தெருவைப் போலத்தான் கண்ணுக்குப் படும். பெண் கொடுப்பதும் எடுப்பதும், மீன் விற்பதும் தேங்காய் விற்பதும் இருபுறமும் கலந்தே நடக்கின்றன. வீட்டுப் பேச்சும் அவ்வாறே தமிழும் மலையாளமும் விரவியது.

இவ்வூர்த் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணொருத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வழக்கறிஞர் ஆக விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் திருவனந்தபுரம் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. நாகர்கோவிலையும் ஆரல்வாய்மொழிக் கணவாயையும் தாண்டிப் போனால் 1996இல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி. தொழில் நடத்துவதற்கோ, ஒருபுறம் நெய்யாற்றின்கரை நீதிமன்றங்கள். மறுபுறம் குழித்துறை நீதிமன்றங்கள். இரண்டும் நாள்தோறும் வீட்டிலிருந்து போய்வரக் கூடிய தொலைவே. மேல்முறையீடு என்றால் ஒன்றுக்கு எர்ணாகுளத்திலுள்ள கேரள உயர்நீதிமன்றம்; மற்றதற்கு 2004 ஜூலையில் திறக்கப்பெற்ற சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. இரண்டும் 200 கிலோமீட்டருக்கு அப்பாற்பட்டவை. தொலைவை வைத்து முடிவு செய்யலாம் என்றால், தராசு எப்பக்கமும் சாயாது.

முன்னாளில் இத்தகைய இக்கட்டு இல்லை. திருவிதாங்கூர் என்ற ஒரே அரசின் கீழ் நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் கல்குளமும் அகத்தீசுவரமும் தோவாளையும் இருந்தன. திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று நாகர்கோவிலில் வக்கீலாக அமர்வது அக்காலத்து இயல்பான நடைமுறை. தென் திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கத்தை நடத்திய மார்ஷல் நேசமணி அவ்வாறு வந்த வழக்கறிஞரே. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்றுமுதல் பூவாரிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்கச் செல்லும் பிள்ளைக்குக் குழித்துறை நீதிமன்றம் அயல் மாநில நீதிமன்றம் ஆயிற்று.

சட்டம் இவ்வெல்லையை எவ்வாறு நோக்குகிறது? 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தைப் பார்ப்போம். அதன் 25ஆம் பிரிவின்படி, வழக்கறிஞராகப் பதிவு செய்ய விரும்புவோர், தாம் எந்த மாநில வழக்கறிஞர் மன்றத்தின் ஆட்சியெல்லைக்குள் தொழில் நடத்தக் கருதுகின்றாரோ அந்த மன்றத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். கவனியுங்கள், படித்த இடம் எது என்று அப்பிரிவு கேட்கவில்லை. தொழில் நடத்தக் கருதும் இடம் எது என்றே கேட்கிறது. திருநெல்வேலியில் பயின்றவர் எர்ணாகுளத்திலுள்ள கேரள வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்துகொள்ளலாம். திருவனந்தபுரத்தில் பயின்றவர் சென்னையிலுள்ள தமிழ்நாடு, புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்துகொள்ளலாம். கல்லூரி இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் ஏற்புப் பெற்றிருத்தல் வேண்டும், அவ்வளவே. 30ஆம் பிரிவோ, பதிவு பெற்ற வழக்கறிஞர் இந்தியாவின் எல்லா நீதிமன்றங்களிலும் வழக்காடலாம் என்கிறது. 1961இல் எழுதப்பட்ட இப்பிரிவு நடைமுறைக்கு வந்தது 2011 ஜூன் 15ஆம் நாளில்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஐம்பது ஆண்டுகள் அது ஏட்டிலே உறங்கிற்று!

இவ்வளவையும் கேட்டபின், ‘அப்படியானால் எங்கே படித்தால் என்ன?’ என்று நேயர்கள் வினவக்கூடும். சன்னதைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால், சன்னது நீதிமன்ற வாயிலைத் திறந்துவிடுமேயன்றிச் சாட்சிக் கூண்டில் நிற்பவர் பேசுவதைப் புரியவைக்காது. அங்கே வேறொரு சட்டம் ஆள்கிறது, அதுதான் மொழி.

உயர்நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம் என்று அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பு வகுத்துள்ளது. இந்தியைப் பயன்படுத்த ஒப்புதல் பெற்ற சில வடமாநிலங்கள் மட்டும் இதற்கு விலக்கு. கீழ் நீதிமன்றங்களின் நிலை வேறு. தமிழ்நாட்டில் 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் அதற்குப் பின்னாளில் வந்த திருத்தமும் கீழ் நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமளித்தன. கேரளத்துக் கீழ் நீதிமன்றங்களில் ஆங்கிலமும் மலையாளமும் வழங்குகின்றன. இளம் வழக்கறிஞரின் முதற் பத்தாண்டு பெரும்பாலும் கீழ் நீதிமன்றங்களிலேதான் கழியும் என்பதை மறத்தல் கூடாது.

நாம் கலைப் பட்டம் பெற்று மொழிபெயர்ப்புத் தொழிலில் அமர்ந்தவர்கள். வாதாடும் கலையில் புலமை உடையோம் என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். ஆனால் ஒரு சொல் இரு மொழிகளுக்கிடையே எவ்வாறு ஏமாற்றும் என்பது நமது அன்றாட அலுவல். தமிழும் மலையாளமும் மிக நெருங்கிய உறவின, அந்நெருக்கமே ஆபத்து. அறவே தெரியாத மொழியாயின் அகராதியைப் புரட்டுவோம். தெரிந்தது போலத் தோன்றும் மொழியில் அகராதியை மறந்துவிடுவோம்.

மலையாள நீதிமன்ற வழக்கில் ‘அன்யாயம்’ என்றால் பிராது, ‘அன்யாயக்காரன்’ வாதி. தமிழ்ப் பிள்ளை அதனைப் படித்தால், முறை தவறியவன் இன்னான் என்று முதல் வரியிலேயே தீர்ப்புச் செய்துவிட்டார்களே என்று திகைக்கும். ‘பிரதி’ என்றால் நமக்கு நகல். அங்கே அது எதிர்வாதியையும் குற்றம் சாட்டப்பட்டவரையும் குறிக்கும். ‘தெளிவு’ என்றால் அங்கே சான்று. ‘தெளிவு இல்லை’ என்று ஓர் ஆணையில் கண்டால், வாசகம் விளங்கவில்லை என்று பொருள் கொள்ளலாகாது. வழக்கை மெய்ப்பிக்கச் சான்று இல்லை என்று பொருள். ‘விதி’ என்பது அங்கே தீர்ப்பு. ‘ஆதாரம்’ என்பது நிலப் பத்திரம். ‘கரம்’ நிலவரி. ‘போக்குவரவு’ என்ற சொல்லோ நம்மை நேரே பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோய்விடும். கேரள வருவாய்த் துறையில் அது நிலத்தின் பெயர் மாற்றத்தைக் குறிப்பது. ‘போக்குவரவு நடத்திக் கரம் ஒடுக்கிய ஆதாரக்காரன்’ என்பதை, பெயர் மாற்றம் செய்து வரி செலுத்திவரும் பத்திரதாரர் என்று உடனே விளங்கிக்கொள்ளும் பயிற்சி திருநெல்வேலியில் ஐந்தாண்டு இருந்தாலும் வந்துவிடாது. நெய்யாற்றின்கரையில் ஒரு மூத்த வழக்கறிஞரின் குமாஸ்தாவோடு ஐந்து மாதம் உட்கார்ந்தால் வந்துவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. விளவங்கோடு, கல்குளம் வட்டங்கள் இன்று தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஆனால் அங்கே நிலத் தகராறு எழுந்தால், 1956க்கு முந்திய மூல பத்திரத்தைத் தேட வேண்டியிருக்கும். அவற்றுள் பல மலையாளத்தில் எழுதப்பட்டவை. நாளும் கொல்லம் ஆண்டில் குறிக்கப்பட்டிருக்கும். கொல்லம் 1092 என்று கண்டால் அது 1916-17 என்று கணக்கிடத் தெரிய வேண்டும். குழித்துறையில் அமர விரும்பும் தமிழ் வழக்கறிஞருக்கும் மலையாள எழுத்துப் பயிற்சி ஒரு மூலதனம் என்பது இதனாற் பெறப்படும். பூவார்ப் பிள்ளை பள்ளியிலேயே அதனைக் கற்றுவிட்டது. சென்னையிலிருந்து வரும் பிள்ளை கற்கவில்லை. எல்லையூர்ப் பெற்றோர் பலர் இதனைத் தம் பிள்ளையின் குறை என்றே எண்ணிவருவது நமக்கு வருத்தமளிக்கிறது.

பழைய திருவிதாங்கூர்ச் சட்டங்களும் எல்லைக்கு இருபுறமும் நிழல் விரித்தன. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்க் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்தவரின் மகளுக்கு மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதனை மட்டுமே அளித்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், 1951 ஏப்ரல் முதல் நாள் தொட்டே அச்சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்று தீர்த்தது. தந்தையின் வீடு பூவாரிலும் தென்னந்தோப்பு விளவங்கோட்டிலும் இருக்கும் குடும்பத்து மகள் பங்கு கேட்டு வந்தால், அவளுக்கு இரு மாநில ஆவணங்களையும் படிக்கத் தெரிந்த ஒரு வழக்கறிஞர் வேண்டும். நிலம் எங்குள்ளதோ அங்கேயே வழக்கு என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. வெவ்வேறு நீதிமன்றங்களின் எல்லைக்குள் அது பரந்து கிடந்தால் அவற்றுள் ஒன்றில் தொடுக்கலாம் என்பது 17ஆம் பிரிவு. எல்லையூரில் இவ்விரு பிரிவுகளும் ஏட்டுப் பாடமாக நின்றுவிடாமல், நாள்தோறும் எடுத்தாளும் கருவிகள் ஆகின்றன.

குற்ற வழக்கிலும் இவ்வாறே. பாறசாலைப் பகுதி இளைஞர் ஒருவர் 2022இல் நஞ்சூட்டப்பட்டு இறந்த வழக்கை நேயர்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். நஞ்சூட்டிய வீடு தமிழ்நாட்டு எல்லைக்குள். உயிர் பிரிந்தது திருவனந்தபுரத்து மருத்துவமனையில். விசாரிக்கும் உரிமை எந்த மாநிலத்துக்கு என்ற கேள்வி எழுந்து அடங்கிய பின், 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரைக் கூடுதல் அமர்வு நீதிமன்றமே தீர்ப்பு வழங்கிற்று.

இனிக் கல்லூரிகளைச் சிறிது நோக்குவோம். கேரளத்தில் திருவனந்தபுரம், எர்ணாகுளம், திருச்சூர், கோழிக்கோடு ஆகிய நான்கு ஊர்களில் அரசு சட்டக் கல்லூரிகள் உள்ளன. மாநில நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளிலோ நுழைவுத் தேர்வு இல்லை. முன் படித்த படிப்பின் மதிப்பெண்ணே அளவுகோல். திருவனந்தபுரத்துப் பேரூர்க்கடையில் 1960களில் தோன்றிய தனியார் சட்டக் கல்லூரி ஒன்றும் உண்டு. அது நிற்கும் நிலம் ஒரு காலத்தில் மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளையின் குடும்பத்துக்கு உரியதாக இருந்து, திவான் ஆட்சியில் அரசால் கைப்பற்றப்பட்டது. தமிழ்த்தாய் வாழ்த்தைத் தந்தவரின் தோட்டத்தில் இன்று மலையாளப் பிள்ளைகள் சட்டம் படிக்கிறார்கள். இது இடையே நினைவுக்கு வந்தது.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் வேறு இனம். பெங்களூரில் 1988இல் முதல் மாணவர் அணி சேர்ந்தது தொடங்கி, கொச்சியிலும் திருச்சிராப்பள்ளியிலும் அத்தகைய நிறுவனங்கள் எழுந்துள்ளன. 2008 முதல் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வு வாயிலாகச் சேர்க்கை நடைபெறுகிறது. ஆங்கிலத்திலேயே பயிற்றுவிக்கும் இவை, உயர்நீதிமன்றத்தையும் உச்சநீதிமன்றத்தையும் பெரு வணிக நிறுவனங்களையும் நாடுவோர்க்கு ஏற்றவை. அத்தகைய வழக்குகள் எல்லையூருக்கு அயலானவை என்று சொல்லிவிட முடியாது. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலுக்கு அப்பால் இத்தாலியக் கப்பலிலிருந்து சுடப்பட்டு இரு மீனவர்கள் மாண்டனர். ஒருவர் கொல்லத்தவர், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். கொல்லத்தில் தொடங்கிய அவ்வழக்கு எர்ணாகுளம், தில்லி, ஹாம்பர்க், ஹேக் என்று சுற்றி, 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021 ஜூனில் முடிந்தது. ஹேக் நகரில் வாதிடப் பன்னாட்டுச் சட்டம் வேண்டும். ஆனால் அப்படகில் இருந்தவரின் மனைவி முதன்முதல் சொன்ன சொல்லைக் கேட்டு எழுதிக்கொள்ளக் கடலோரத் தமிழ் வேண்டும்.

எனவே பூவார்ப் பெண்ணுக்கு நாம் சொல்வது இது: நெய்யாற்றின்கரையில் அமர எண்ணினால் திருவனந்தபுரத்தில் படிக்கட்டும். அங்கே உடன் பயில்வோரே நாளை அவளுக்கு எதிர்க்கட்சி வழக்கறிஞராகவும், அவள் முன்னிற்கும் நீதிபதியாகவும் இருப்பர். மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் களப்பயிற்சி வேண்டும் என்பது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி. அவ்வாரங்களை வீட்டுக்கருகிலுள்ள நீதிமன்றத்திலேயே கழிக்கலாம். தமிழ் மீதுள்ள பற்றால் பிள்ளையைத் திருநெல்வேலிக்கு அனுப்பும் பெற்றோரை நாம் மதிக்கிறோம். எனினும் எண்ணிப் பாருங்கள்: எல்லையூர்த் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் கிழக்கே சென்று அங்கேயே தங்கிவிட்டால், நெய்யாற்றின்கரைக் கூண்டில் ஏறி நிற்கும் பொழியூர்க் கிழவியின் தமிழைப் புரிந்து குறுக்கு விசாரணை செய்ய யார் இருப்பார்? மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் எம் போன்ற மொழிபெயர்ப்பாளர் வாயிலாக வரும் சாட்சியத்தில் சொல் வரும், தயக்கம் வராது. தயக்கத்தைக் காண்பதே குறுக்கு விசாரணையின் பாதி.

குழித்துறையிலோ நாகர்கோவிலிலோ புகுந்த வீடு அமையுமென்று தெரிந்தால், அப்போது திருநெல்வேலியே தக்கது. நீதிபதித் தேர்வை நாடுவோரும் இதனை ஊன்றி நோக்க வேண்டும். மாநிலந்தோறும் அம்மாநில மொழியறிவு எதிர்பார்க்கப்படுகிறது. 2025 மே 20ஆம் நாள் தீர்ப்பில் உச்சநீதிமன்றம், தொடக்க நிலை நீதிபதி ஆவதற்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்றும் வகுத்தது. எந்த மாநில நீதிபதியாக விருப்பமோ அந்த மாநிலத்தில் அம்மூன்றாண்டையும் கழிப்பதே மொழிக்கு நல்லது.

மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் நேயர்கள் பூவாருக்குப் பதிலாகத் தம் ஊர்ப் பெயரை இட்டுப் பார்க்கலாம். தானே நீதிமன்றத்தில் மராத்தியும், பெங்களூர்க் கீழ் நீதிமன்றங்களில் கன்னடமும் வேண்டும். தில்லியில் உச்சநீதிமன்றத்தைக் குறிவைப்போர், பதிவுபெற்ற வழக்கறிஞர் என்னும் தனித் தகுதி பெற நான்காண்டுத் தொழிலும், ஓராண்டுப் பயிற்சியும், தேர்வும் உண்டு என்பதையும், நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அலுவலகம் வைக்க வேண்டும் என்பதையும் இப்போதே மனத்திற் கொள்க. தில்லி வாடகை அறிந்தவர்க்கு இவற்றுள் கடினமானது எது என்று சொல்ல வேண்டுவதில்லை.

இட ஒதுக்கீடு பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினராக இருப்பவர் வேறு மாநிலத்தில் குடியேறினால், அங்கே அம்மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர இயலாது என்பது 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்த நெறி. பிறந்து வளர்ந்தது புனேயே ஆனாலும் பெற்றோரின் சொந்த மாநிலமே கணக்கில் வரும். எனவே விண்ணப்பிக்குமுன் சாதிச் சான்றிதழ் எந்த மாநிலத்தது, இருப்பிடச் சான்றிதழ் எந்த மாநிலத்தது என்று இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்துவிடுங்கள். ஜூன் மாதத்தில் வட்டாட்சியர் அலுவலக வாயிலில் நிற்பதைவிட ஜனவரியில் நிற்பது எளிது.

படிப்பு முடிந்தபின் பதிவுக் கட்டணம் எவ்வளவு என்று முன்பெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் கேட்டறிய வேண்டியிருந்தது. சில இடங்களில் பல்லாயிரம் ரூபாய் வாங்கினர். 2024 ஜூலை 30இல் உச்சநீதிமன்றம், சட்டத்தில் குறித்த 750 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது என்றும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கு அது 125 ரூபாய் என்றும் தீர்த்தது. பதிவின் பின் இரண்டாண்டுக்குள் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வில் தேற வேண்டும்.

ஒரே வேளையில் இரு மாநிலப் பட்டியல்களில் பெயர் இருத்தல் கூடாது என்று வழக்கறிஞர் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. நெய்யாற்றின்கரையில் பதிவுபெற்ற பெண் திருமணமாகித் தக்கலைக்குப் போனாலோ, பெங்களூரில் பதிவுபெற்ற இளைஞர் முதுமையுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொள்ள நாகர்கோவிலுக்குத் திரும்பினாலோ அஞ்ச வேண்டியதில்லை. 18ஆம் பிரிவின்படி இந்திய வழக்கறிஞர் மன்றத்துக்கு விண்ணப்பித்துப் பெயரை மற்ற மாநிலப் பட்டியலுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இருத்தல் கூடாது. இம்மாற்றத்துக்குக் கட்டணம் இல்லை என்று அப்பிரிவே சொல்லிவிடுகிறது.